கொழுந்துக் காலத்தில் கூடிச் சிந்தித்தல்: ஒரு காலநிர்ணய ஆராய்ச்சி

நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில், வேலை தலைக்குமேல் போகும் பருவத்தில், எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்து தாம் செய்துவருவது சரிதானா என்று ஆலோசிப்பதற்கு அவகாசம் உண்டா, இல்லையா என்னும் மகா பிரச்னையைப் பண்டிதர் எவரும் இதுகாறும் தொடாமல் விட்டிருப்பது நமது பாக்கியமேயாகும். தொட்டிருந்தால் அது பிரச்னையாகவே நிலைத்திருக்கும்.

இத்துறைக்கு முதல்நூல் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பாரும் கலந்து பேசத் தொழிற்குழு அமைக்கும்படி அரசாங்கம் உத்தரவிடலாம் என்று அதன் 3ஆம் பிரிவு விதித்தது. குழு கூடியிருக்கும்போது பறித்த கொழுந்து என்ன செய்யும் என்பதைப் பற்றிச் சூத்திரகாரர் மௌனம் சாதித்துவிட்டார். உரையாசிரியர்களும் பிழைக்க வேண்டுமல்லவா?

காலம் இருவகைப்படும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும்போது நேரம் ஏராளம், விஷயம் இல்லை. மழைக்குப் பின் கொழுந்து குவியும்போது விஷயம் ஏராளம், நேரம் இல்லை.

தொட்டியில் கொட்டிய இலை வாடுவதற்கு ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் ஆகுமாதலின் அதுவரை மனிதரும் அமரலாமே என்பது ஒரு சாராரின் சித்தாந்தம். அடுத்த லாரி வந்து நின்றதும் அது கண்டிக்கப்பட்டது. நாலரைக் கிலோ பச்சை இலை உலர்ந்து ஒரு கிலோ தேயிலை ஆவதுபோல நாலரை மணிப் பேச்சு உலர்ந்தால் ஒரு மணி விஷயம் தேறும் என்பாரும் உளர். ஆராய்ச்சி மாநாடுகளில் அமர்ந்து பழகியவர்கள் இவ்விகிதம் மிகத் தாராளமானது என்கின்றனர்.

எனினும் அறிஞர் உலகைக் கலக்கியது குன்னூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கதவில் ஒட்டிய கூட்ட அறிவிப்பேயாகும். மூடுபனியில் மை கரைந்து, தேதி 11ஆ, 17ஆ என்று ஐயம் விளைந்தது. மேலே தெரியும் கோடு எழுதினவருடையதே ஆகையால் 17 என்றனர் ஒரு குழாத்தினர். அது பனி ஒழுகிய கோடு என்றனர் மற்றையோர். மேலாளரின் வேறெந்த அறிவிப்பிலும் ‘தயவு செய்து’ பயின்றுவராமையின் முழுவதுமே பிற்கால இடைச்செருகல் என்று மூன்றாமவர் நிறுவினார். நான்காமவரோ, தாளின் ஓரத்திலிருந்த தேநீர்க் கறையை முகர்ந்து, அது டஸ்ட் ரகம், ஆகவே எழுதியவர் குமாஸ்தாவே, மேலாளர் அல்லர் என்று காலமும் கர்த்தாவும் ஒருங்கே நிர்ணயித்தார். அவருக்கு ஐந்தாமவர் எழுதிய மறுப்புரை, முகவுரையில் அவரை ‘எனது அருமை நண்பர்’ என்று போற்றி, அடிக்குறிப்பில் கழுவேற்றுவது. இம்மரபு நமது சர்வகலாசாலைகளில் இன்றும் சிதையாமல் போற்றப்பட்டு வருகிறது. விவாதம் கனிவதற்குள் 11, 17 ஆகிய இரு தேதிகளும் கழிந்தன.

இதற்கிடையே, சாக்கில் திணித்த கொழுந்து சூடேறிச் சிவப்பதற்கு லாரி தாமதமே காரணமென்றும், முதல் நடையை மேல் காட்டுக்கு அனுப்பினால் தீருமென்றும், தராசு முள் நிற்பதற்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் சொல்ல, டிரைவர் “சரிங்க்கா, நாளைக்கே அங்க முதல்ல வர்றேன்” என்று ஒப்புக்கொண்டதாகக் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று வழங்குகிறது. முன்னறிவிப்பும் நடவடிக்கைக் குறிப்பும் இல்லாமையால் இதைப் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை.