குடத்துக்குள் ஒரு வாத்தியார்

உத்திரமேரூர்க்காரர்களிடம் தேர்தலைப் பற்றி இளப்பமாக எதையும் சொல்லிவிடக் கூடாது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட, “எலெக்‌ஷன்னு ஒண்ணு பொறந்ததே எங்க ஊர்லதான் சார்” என்று ஆரம்பித்துவிடுவார். ஆதாரம் கேட்டால் வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் கையை நீட்டுவார். அங்கே மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919இல் வெட்டியது ஒன்று, 921இல் வெட்டியது இன்னொன்று. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பேசிவிட்டார். அதற்கப்புறம் ஊர்க்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நான் காஞ்சிபுரத்தில் குடியிருக்கும் அரசுப் பள்ளி வாத்தியார். குடவோலை பற்றி ஐந்து மார்க் கேள்வி கொடுத்துத் திருத்தியிருக்கிறேனே தவிர, அந்தச் சுவரில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது உத்திரமேரூர் தொகுதிக்குத் தேர்தல் வேலைக்குப் போன பிறகுதான். அதில் ஓட்டு என்பதே கிடையாது. இருப்பது குலுக்கல். வாரியம் என்னும் ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுக்க, ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் வந்து உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சின்னப் பையன் ஒருவன் கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். சட்டையில்லாத காலத்திலேயே கைக்குள் ஓலையை மாற்றும் வித்தைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குடத்துக்குள் போக ஊரார் எல்லாருக்கும் இடமும் இல்லை. ஊர் அன்று பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்கு மானியமாக விட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் உள்ள ஆண்களுக்குத்தான் ஓலை. இதை டீக்கடையில் விளக்கிப் பார்த்தேன். டீயில் சர்க்கரை குறைந்தது.

ஆயிரத்து நூறு வருஷம் ஓடிவிட்டது. பிரதிநிதியை இப்போது ஓட்டுப் போட்டு எடுக்கிறோம். அதனால் குலுக்கல் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போது வாத்தியாரைக் குலுக்கி எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர்தான் குடம். முதல் குலுக்கலில் தேர்தல் வேலைக்கு யார் யார் என்று வரும். இரண்டாவதில் எந்தத் தொகுதி. மூன்றாவதில் எந்த வாக்குச்சாவடி. பெட்டி தூக்கப் போகிற நேரம் வரைக்கும் எந்த ஊருக்குப் போகிறோம், உடன் வருகிற மூன்று பேர் யார் என்பது நமக்கே தெரியாது. கல்வெட்டில் வருகிறவர்களில் எனக்கு அந்தப் பையன்தான் நெருக்கம்.

பராந்தகன் காலத்தில் தகுதியைக் காட்டிக் குடத்துக்குள் நுழையப் பார்த்தார்கள். நாங்கள் தகுதியின்மையைக் காட்டி வெளியே வரப் பார்க்கிறோம். தேர்தல் தேதி அறிவித்த வாரத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேள்விப்படாத வியாதிகள் எல்லாம் நடமாடும். போன வாரம் வாலிபால் ஆடியவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கும். மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு எப்போதும் வாக்குப்பதிவு நாள்தான் கிடைக்கும். அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போர்டு என்று காதில் விழுந்ததும் பாதி இடுப்பு தானாகவே நிமிரும்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தல். அதற்கு முந்தின நாள் பெட்டி வாங்கும் இடத்தில் நிற்கிற வெயிலை ஏப்ரல் வெயில் என்று சொன்னால் சித்திரை கோபித்துக்கொள்ளும். எனக்கு வந்தது வாக்குச்சாவடி தலைமை அலுவலர் பதவி. சுருக்கமாக பி.ஓ. கீழே பி1, பி2, பி3. கல்யாணப் பத்திரிகையில் பட்டங்களோடு பெயர் போட்டுக்கொள்ளும் மனிதர்களை ஒரே நாளில் பி2 ஆக்குகிற வல்லமை தேர்தலுக்குத்தான் உண்டு. பையைப் பிரித்துச் சரிபார்த்தோம். அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நூல்கண்டு, கார்பன் பேப்பர், குண்டூசி, மைப்புட்டியைச் சாயாமல் நிறுத்திவைக்க ஒரு கிண்ணம். அப்புறம் கவர்கள். சட்டப்பூர்வமான கவர், சட்டப்பூர்வமல்லாத கவர், கவருக்குள் போகிற கவர், அந்தக் கவரைப் போட்டு ஒட்டுகிற பெரிய கவர். மிஷின் கோளாறு செய்தால் மாற்ற ஆள் வருவார்கள். கவர் மாறினால் நம்மைக் கூப்பிட ஆள் வருவார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஏரிக்கரை ஓரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ராத்திரி படுக்கை இரண்டாம் வகுப்பு பெஞ்சில். ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சில் ஐம்பது வயதுக்காரன் படுத்தால் முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் வெளிநடப்பு செய்யும். ஏரியில் தண்ணீர் எங்கோ நடுவில் கொஞ்சம் கிடந்தது. கொசு மட்டும் முழுக் கொள்ளளவு.

விடியற்காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சின்னத்திலும், நோட்டாவிலும் விழ வேண்டும். விளையாட்டுக்குப் போடுகிற ஓட்டுதான். அப்படியிருந்தும் எந்த ஏஜென்ட்டும் தன் கட்சிச் சின்னத்தைத் தவிர வேறு பட்டனைத் தொடமாட்டார். “நீங்களே அமுத்திடுங்க சார், கை வரல” என்றார் ஒருவர். ஏஜென்ட் வைக்க வசதியில்லாத சுயேச்சைகளுக்கும் நோட்டாவுக்கும் நானே அழுத்தினேன். அந்தச் சுயேச்சைகளில் சிலருக்கு அந்தச் சாவடியில் அன்றைக்கு விழுந்த ஓட்டே அதுவாகத்தான் இருந்திருக்கும். எண்ணிக் காட்டி, க்ளியர் பட்டனை அழுத்தி அதையும் அழித்தோம். ஓட்டுக்கு ஓட்டு சீட்டு அச்சிடும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பொறுக்கி முத்திரை குத்திக் கறுப்புக் கவரில் போட்டு ஒட்டினோம். அதன் பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஓட்டின் ரகசியம் காப்பது பற்றிய 128ஆம் பிரிவை நான் ஏஜென்ட்களுக்கு உரக்கப் படித்தேன். மீறினால் மூன்று மாதம் வரை சிறை என்கிற இடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட் இருவர் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் இட்லி சாப்பிட்டார்கள். விசாரித்தால், இவர் தங்கையை அவர் கட்டியிருக்கிறார். கல்வெட்டில் எனக்குப் பிடித்த பகுதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவன் சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், மருமகன், அப்பன், பிள்ளை என்று உறவுமுறையை உட்கார்ந்து யோசித்து அத்தனை பேரையும் விலக்கியிருக்கிறார்கள். இதை இன்று இந்த ஊரில் அமல்படுத்தினால் வேட்புமனு போட வந்தவாசியிலிருந்துதான் ஆள் பிடிக்க வேண்டும். நம் சட்டம் இரக்கமுள்ளது. முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்குக் கொடுக்காத வேட்பாளரை மூன்று வருஷம் விலக்கிவைக்க இடம் வைத்திருக்கிறது, மச்சானைத் தொடுவதில்லை.

கழுதை மேல் ஏறியவருக்கும் அன்று இடமில்லை. தண்டனையாக ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவரைச் சொல்வது என்பார்கள். வயது 919இல் 30க்கு மேல் 60க்குள் என்று இருந்ததை, இரண்டே வருஷத்தில் 35க்கு மேல் 70க்குள் என்று திருத்தியிருக்கிறார்கள். யாரோ ஒரு பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்க வேண்டும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. இன்று மக்களவைக்கு 25 முடிந்தால் போதும், மேலே வானமே எல்லை.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். முதல் ஆளாக நின்றவர் எண்பது தாண்டிய ஆயா. பி1 பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும், ஏஜென்ட்கள் சரிபார்ப்பதற்காக. படித்தார். ஆயா அசையவில்லை. அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு அறுபது வருஷம் ஆகியிருக்கும். பி1 அடையாளத்துக்காக, “உங்க வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?” என்று கேட்டார்.

“அதுலயே எழுதியிருக்குமே. படிக்கத் தெரியாதவரையா வாத்தியார் வேலைக்கு வெச்சிருக்காங்க?”

பி2விடம் கையொப்பத்துக்குப் பதில் ரேகை வைத்துவிட்டு, மைக்கு வலது கையை நீட்டினார். இடது கை ஆள்காட்டி விரல் என்று பி2 சொன்னதும், “நல்ல காரியத்துக்கு எடது கையா?” என்று கடிந்துகொண்டார். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை.

மை மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்துச் சரக்கு, 1962லிருந்து இந்திய விரல்களில் ஏறிக்கொண்டிருக்கிறது. நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் கோடு இழுக்க வேண்டும். இளவட்டங்கள் “நல்லா தெரியிற மாதிரி போடுங்க சார், ஃபோட்டோ எடுக்கணும்” என்பார்கள். நகப்பூச்சு போட்டு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, “ஓரமா போடுங்க சார்” என்று கெஞ்சினாள். ஜனநாயகத்தில் ஓரம் கிடையாது என்று பி2 நிமிராமல் சொன்னார். அவர் கணக்கு வாத்தியார்.

மறைப்பு அட்டைக்குப் பின்னால் நடப்பது தனிக் கதை. உள்ளே போய் நாங்கள் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் எங்களைக் கூப்பிடாமலும் இருப்பதில்லை. “சார், மேலேர்ந்து ரெண்டாவதுதானே?” என்று ஒரு குரல். பெஞ்சில் நான்கு ஏஜென்ட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 128ஆம் பிரிவு வீட்டுக்குப் போய்விடும். ஒரு தாத்தா பீப் சத்தம் வந்தும் வெளியே வரவில்லை. விவிபாட்டின் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி தெரிந்து, அறுபட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். அவர் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார். “சீட்டு உள்ள வுழுந்துட்ச்சு, எட்த்துக் குடுப்பா. பஸ்ல கூட கையில தர்றானே.” உள்ளே இருப்பதுதான் கணக்கு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வரிசை பள்ளிக் கேட்டைத் தாண்டிவிட்டது. ஐந்து விரலையும் விரித்து வாங்கிய மத்தியஸ்தர் அவருக்கு முன்னோராக இருக்கலாம்.

இடையிடையே இரண்டு மணிக்கொரு தடவை ஃபோன். ஆண் எத்தனை, பெண் எத்தனை, மூன்றாம் பாலினம் எத்தனை, சதவீதம் என்ன. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன். அதைக் கடைசி ஆளிடமிருந்து கொடுத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். முதலிலிருந்து கொடுத்தால் நாம் கொடுக்கக் கொடுக்கப் பின்னால் வால் வளரும். விதி எழுதியவர் எங்கள் பக்கத்து மனுஷர்களை அறிந்தவர்.

க்ளோஸ் பட்டனை அழுத்திய பிறகு வருவது 17சி படிவம். 17ஏ பதிவேட்டில் வந்தவர்கள் எண்ணிக்கையும் மிஷின் காட்டுகிற எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். பொருந்திற்று. கணக்கு வாத்தியார் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். ஏஜென்ட்களுக்குப் பிரதி கொடுத்து, சீல் வைத்து, மண்டல அலுவலரின் வண்டி வர நள்ளிரவு தாண்டியது.

இவ்வளவு முத்திரையும் அரக்கும் வைத்து எண்ணி முடித்த பிறகு, இரண்டு பேருக்கும் சமமாக வந்து நின்றால் என்ன செய்வது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 65: குலுக்கல். குடம் இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் அதே கதைதான். வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு தொகுதியில் இருவரும் ஆளுக்கு 11,608 ஓட்டு வாங்கி நிற்க, 2018 ஜனவரியில் பீங்கான் கிண்ணத்திலிருந்து பெயரை எடுத்து முடித்தார்கள். சபையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதே அந்தக் கிண்ணத்தைத்தான் நம்பியிருந்தது. உத்திரமேரூர் டீக்கடையில் இதைச் சொன்னேன். அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

என் ஓட்டு? எங்களுக்குத் தபால் ஓட்டு. பயிற்சி நடக்கிற இடத்திலேயே வசதி மையம் வைத்திருப்பார்கள். 13ஏ உறுதிமொழிப் படிவம், சின்னக் கவர், பெரிய கவர். உறுதிமொழியில் கையெழுத்து விட்டுப்போனால் ஓட்டு செல்லாது. பீப் சத்தம் இல்லை, ஏழு விநாடி இல்லை, மையும் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தால் முதன்முதலாக ஓட்டுப் போட்ட மகள் விரலைக் காட்டிவிட்டு, “உன் விரலைக் காட்டுப்பா” என்கிறாள். நாள் முழுக்க ஊரார் விரலில் மை ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தவன் விரல் வெள்ளையாக இருக்கிறது. கவரில் போட்டேன் என்று சொன்னால் நம்புகிற முகமாக இல்லை.

அடுத்த தேர்தலில் உங்கள் பள்ளிக்கூடத்து பெஞ்சில் தூங்கி எழுந்த நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அடையாள அட்டையைக் கையிலேயே எடுத்து வையுங்கள். பட்டியலில் இருக்கிற பெயர் உங்களுடையதுதான், கூப்பிட்டால் வாருங்கள். சீட்டு கையில் வராது. இடது கை ஆள்காட்டி விரல், அதில் தர்க்கம் வேண்டாம். முடிந்தால் காலையில் வந்துவிடுங்கள். ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஓடி வருகிறவரை நாங்கள் விட்டுவிட முடியாது.