கேரியர் இல்லாத மகராசன்

வா மாப்ளே, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. அந்தப் பூட்டுச் செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வா. நீ டக்கு டக்குன்னு நடந்து வர்ற சத்தத்துல காலையில கெடாக்குட்டி முளையப் புடுங்கிட்டு ஓடிருச்சு.

நேத்து நீ தொழுவத்துச் சுவத்துல சைக்கிளச் சாத்தி வச்சு வீடியோ எடுத்தத நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுற சாக்குல முழுசாப் பாத்தேன். செயின் இருக்கிற பக்கந்தான் தெரியணும், செயின் பெரிய பல்சக்கரத்துல கெடக்கணும், ரெண்டு சக்கரத்து வாலுவும் தரையப் பாக்கணும். பொண்ணு பாக்க வர்ற எடத்துல பொண்ணத் திருப்பித் திருப்பி நிறுத்துற மாதிரி அரை மணி நேரம் அத நிறுத்துனே. நான் குத்தம் சொல்லல. ஷோ காட்டணும்னு எறங்கிட்டா ஒழுங்காக் காட்டணும். ஒனக்கு அதுல வெவரம் பத்தல, அதான் கூப்புட்டேன்.

மொதல்ல எடை. ஏழேகால் கிலோன்னு வீடியோவுல அடிச்சுச் சொன்னே. மத்தியானம் நீ அசந்து தூங்குறப்ப ரைஸ்மில்லு தராசுல ஏத்திப் பாத்தேன். ரெண்டு பாட்டில் தண்ணி, சீட்டுக்கடியில தொங்குற பை, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரு எல்லாத்தோடயும் பத்து கிலோவத் தொடுது. நீ சொல்ற கணக்குல பெடலே கெடையாதாமே! பெடல் இல்லாம எவன்டா மிதிப்பான்? அதோட விட்டேன், ஒன்னயும் சேத்து ஏத்தல. வேர்வையில ஊறி வந்தியே, நெல்லுக் கொள்முதல் நெலையமா இருந்தா ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு திருப்பி அனுப்பிருப்பாங்க.

எடையப் பத்திப் பேசறப்ப ஜாக்கிரதையாப் பேசு. 1972ல மெக்சிகோ நகரத்துல எட்டி மெர்க்ஸ்ங்கிறவரு ஒரு மணி நேரத்துல 49.431 கிலோமீட்டர் மிதிச்சாரு பாரு, அந்தச் சைக்கிளு இரும்புச் சட்டம். ஆறு கிலோகூட இல்ல. பிரேக்கு கெடையாது, கியர் கெடையாது, அது வேற கத. ஆனா இரும்புன்னா கனம், கார்பன்னா பஞ்சுன்னு நீ அளந்து விடறப்ப எவனாவது வெவரம் தெரிஞ்சவன் கேட்டுட்டான்னா மானம் போயிரும். அப்பறம் அந்தப் ‘புத்தம் புதுத் தொழில்நுட்பம்’. கிரெக் லெமாண்ட் டூர் தெ பிரான்ஸ மொத தடவ ஜெயிச்சது 1986ல. அப்பவே அவரு ஏறுனது கார்பன் சட்டம். நாப்பது வருசத்துப் பழசப் புதுசுங்கிற. எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நீ சொல்லாம விட்டத எல்லாம் என் பேத்தி போன்ல தேடிப் படிச்சுக் காட்டுறா.

மல ஏறறதுக்குன்னே செஞ்ச சைக்கிளாம். நல்லது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அங்க கொண்டு போனா ஒரு கிலோ கொறஞ்சது ஒனக்குத் தெரியும். இது திருவையாறுடா. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரின்னு ஆத்துப் பாலத்து ஏத்தத்த விட்டா மேடுன்னு காட்ட ஒண்ணும் இல்ல. இங்க மலையே காத்துதான். முப்பது வேகத்தத் தாண்டிட்டா நீ மிதிக்கிறதுல பெரும்பங்கு காத்தத் தள்ளுறதுக்கே போயிரும். அதுலயும் சைக்கிளு தள்ற காத்து கொஞ்சந்தான், ஒன் ஒடம்பு தள்ற காத்துதான் அதிகம். ஒடம்ப நான் ஒண்ணும் சொல்லல, அது அக்கா போட்ட சோறு.

இந்த ஆடி மாசத்துல ரெவ்யூ போடணும்னா ஒரு வழி இருக்கு. காத்து மேக்கேருந்து வருதா? இங்கேருந்து கும்பகோணத்தப் பாத்துப் போ. முதுகுல காத்து, தானாப் பறக்கும். கம்ப்யூட்டருல வர்ற வேகத்தப் படம் புடிச்சுப் போடு. திரும்பி வர்றப்பக் கம்ப்யூட்டர அணைச்சுப் பைக்குள்ள போட்டுரு. பாபநாசத்துக்கிட்ட நாக்குத் தள்ளி ஒக்காந்துட்டா எனக்குப் போன் பண்ணு, டிராக்டர் அனுப்பி வைக்கிறேன். அத மட்டும் படம் புடிக்காத.

டவுசரப் பத்தியும் ஒரு வார்த்த. உள்ள மெத்த வச்சுத் தச்சிருக்கே, அதுக்குள்ள வேற ஒண்ணும் போடக் கூடாதாமே. சரி, ஒன் பாடு. ஆனா அந்தக் கோலத்தோட டீக்கடை பெஞ்சுல காலத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னு பேசாத. எதுத்தாப்புல பள்ளிக்கூடம் இருக்கு.

வருத்தம் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நீ அம்புட்டு நேரம் சுத்திச் சுத்திக் காட்டுனியே, அக்கா பாத்துட்டு என்ன கேட்டா? “கேரியர் எங்கடா?” ஸ்டாண்டு எங்க, மக்கார்டு எங்க, பெல்லு எங்கன்னும் கேட்டா. நீ தலையில அடிச்சுக்கிட்டே. கேக்கறது யாருன்னு நெனச்ச? 1991லயும் 92லயும் புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரு. எழுத்தோட சைக்கிளும் கத்துக்கணும்னாங்க. வயக்காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க, கல்லு ஒடைக்கிறவங்க, ஆயிரக்கணக்குல ரோட்டுல எறங்குனாங்க. வாக்கப்பட்டுப் போன எடத்துல ஒங்கம்மாவும் எறங்குனா. முட்டி பேந்து, பொடவ செயின்ல மாட்டி, ஊரே கேலி பண்ணுச்சு. நானுந்தான் பண்ணுனேன். லேடீஸ் சைக்கிளு கெடைக்கல, ஆம்பள சைக்கிளு எடுத்தாங்க. அப்பறம் லேடீஸ் சைக்கிளு குடுத்தாலும் வேணாம்னவங்க உண்டு. ஏன் தெரியுமா? ஆம்பள சைக்கிளுக்குத்தான் நடுவுல பாரு இருக்கு, புள்ளைய ஒக்கார வைக்கலாம். பின்னால கேரியர்ல தண்ணிக் கொடம், முன்னால பாருல நீ. அப்பிடித்தான் நீ பால்வாடிக்குப் போனே. அக்கா ரெவ்யூ ஒண்ணும் போடல. ஒங்கப்பாருதான் ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நடந்தாரு.

அந்தப் பழக்கத்துலதான் நேத்து என் பேரன் பாருல ஏறப் போனான். “ஐயோ, ஒடஞ்சிரும்!”னு நீ போட்ட கூச்சல்ல பக்கத்துத் தெருவுலேருந்து ஆளு வந்துட்டாங்க. சைக்கிளோட வந்த பொஸ்தகத்துல பாத்தேன், நீ சொன்னது நெசந்தான். நடுக் குழா முட்டை ஓட்டுக் கனத்துலதான் இருக்கு, அதுமேல குண்டி வைக்கக் கூடாதுங்கிறான். பெடல் பக்கம் எம்புட்டு அழுத்துனாலும் தாங்கும், பாருல புள்ள ஒக்காந்தாத் தாங்காது! நார அடுக்கி, பசை தடவி, அச்சுல வேக வச்ச சாமான். எந்தப் பக்கத்து வெசைக்கு அடுக்குனானோ அந்தப் பக்கந்தான் பலம். கீழ போட்டா வெளிய கீறல்கூடத் தெரியாம உள்ளுக்குள்ள விட்டுரும். நம்ம பட்டறையில பத்த வைக்கவும் முடியாது.

பட்டறைன்னதும் ஞாபகம் வருது. முக்குல பஞ்சர் கடையில காத்தடிக்கப் போயி அவன் பம்பு ஒன் வாலுவுல சேராம நின்னே. ஊசியாட்டம் வாலுவு, தலையில குட்டித் திருகு வேற. அதுக்குப் பித்தளையில ஒரு மூடி மாதிரி விக்கிறான், சில்லறக் காசுதான். அத வாங்காம லட்சத்துல சைக்கிளு வாங்கிருக்கே. டயருக்குள்ள முள்ளு குத்துனாத் தானா அடைக்கிற பாலு ஊத்திருக்கியே, அது வெயிலு பட்டா கொஞ்ச மாசத்துல காஞ்சு போயிரும், திரும்ப ஊத்தணும். நீ சென்னைக்குப் போயிட்டா வருசத்துக்கு எத்தன தடவ அதத் திறந்து பாப்பே?

லட்சம்னு சொன்னேனா? பில்லு பொஸ்தகத்துக்குள்ளதான் மடிச்சு வச்சிருந்தே. அக்காகிட்ட நாப்பதாயிரம்னு சொல்லிருக்க போல. நான் வாயத் தொறக்க மாட்டேன், மாமன்னா எதுக்கு இருக்கேன்? ஆனா யோசிச்சுப் பாரு. அங்க மூணாவது மாடிக்குத் தோள்ல தூக்கணும், வாச்மேனுக்குப் பயந்து கட்டிலுக்கடியில படுக்கப் போடணும். இங்கயே கெடக்கட்டும். நெல்லுக் குதிருக்குப் பின்னாடி எடம் ஒதுக்கி வச்சுட்டேன், வெயிலும் படாது, எலியும் வராது. அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்.

பஸ்ஸு ராத்திரிதானே? அதுக்குள்ள சீட்ட நாலு விரக்கடை எறக்கி வச்சிரு. அந்த அளவுச் சாவியப் போட்டு முறுக்கு, அஞ்சு நியூட்டன் மீட்டருக்கு மேல போகாத. பூட்டுப் பெடல் ரெண்டயும் கழட்டி ஒன் பையில போட்டுக்க. சாதா பெடல் ஒரு ஜோடி போன செவ்வாக்கெழமையே தஞ்சாவூர்ல வாங்கிட்டேன். எடது பக்கத்து மரை தலைகீழாச் சுத்தும், பாத்துக் கழட்டு.