நம்பர் நைனா

திருத்தணிப் பக்கம் ஒரு காலத்தில் கேபிள் டிவி நடத்திவிட்டு, இப்போது கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு நெட் கொடுக்கும் ஆசாமிகளில் நம்பர் நைனா தனி ரகம். அவரிடம் நெட் வேகத்தைக் கேட்காதீர்கள். ஏ.எஸ். நம்பரைக் கேளுங்கள்.

சொந்தமாக வலைப்பின்னல் நடத்தும் நிறுவனங்களுக்கு இணையத்தில் ஆளுக்கோர் எண் உண்டு; அதுதான் ஏ.எஸ். நம்பர். யாரிடம் போக எந்த வழி என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது அதை வைத்துத்தான். முன்னால் வரிசையில் நின்றவர்களுக்குச் சின்ன எண் கிடைத்தது. வேறு மகிமை இல்லை. நைனாவுக்கோ அது குலம், கோத்திரம். எம்.ஐ.டி. 3, ஹார்வர்ட் 11 என்னும்போது குரல் தழுதழுக்கும். வி.எஸ்.என்.எல்.லிடமிருந்து டாடாவுக்கு வந்த 4755-க்கு ஒரு கும்பிடு. ஏர்டெல் 9498, பி.எஸ்.என்.எல். 9829, பரவாயில்லை. "ஜியோவா? 55836. நேத்துப் பையன்!" அந்தப் பையனிடம்தான் பாதி ஊர் நெட் வாங்குகிறது என்றால் காதில் விழாது.

1-ம் எண்ணை வைத்திருந்த ஜெனுவிட்டியை 2003-ல் வாங்கிய லெவல் 3 என்ற நிறுவனம், தன் பழைய 3356-லேயே பிழைப்பை ஓட்டியதை மட்டும் அவரால் மன்னிக்கவே முடியவில்லை. "அரண்மனையை வாங்கிட்டுத் திண்ணையில படுத்துக்கறானுங்க!"

நைனாவின் எண் ஆறு இலக்கம். 65,536 எண்களும் தீர்ந்துவிடும் என்று பயந்து 2007-ல் 32 பிட்டுக்கு வாசலை அகலத் திறந்தார்களே, அதில் பின்னால் நுழைந்த கூட்டம். விசிட்டிங் கார்டில் அதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார். நாலு இலக்கத்தில் ஏதாவது கைமாறுமா என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

கடைப் பையனுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம முருகனுக்கே இது அஞ்சாம் படைவீடுதான் நைனா. ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் கொறையுதா?"

"அஞ்சு ஒரே இலக்கம்டா!"

அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் குரங்கு ஒயரில் தொங்கி, ரெண்டு தெருவுக்கு நெட் போனது. போன் மேல் போன்.

"கஸ்டமர் நம்பர் சொல்லுங்க."

"812."

"காலைல பையன் வருவான்."

அடுத்த போன். "நம்பர்?"

"7."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நைனாவே கிளம்பிவிட்டார்.