பழைய மிஷின், புதுப் பெயிண்ட்

தென்னை வைத்திருப்பவனுக்குத் தேங்காய் விலை என்றைக்கு ஏறும் என்று தெரியாது. மட்டை என்றைக்கு விழும் என்று மட்டும் தெரியும். மரத்துக்கு மாதம் ஒன்று. ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் வருஷத்துக்கு 840 மட்டை. எந்த வியாபாரியாலும் குறைக்க முடியாத ஒரே விளைச்சல் இதுதான்.

முன்பு கீத்து முடைய ஆள் வருவார்கள். அடிமட்டையை விறகுக்குக் கேட்பார்கள். கூரை தகரமாகி, அடுப்பு கேஸான பிறகு மட்டைக்கு நாதியில்லை. வேலியோரம் குவித்தால் பாம்பு வருகிறது. தீ வைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருகிறார். பாம்பே தேவலை. அதனால் பொள்ளாச்சிப் பக்கம் விவசாயிகள் நாலு பேர் கூடினால் ஒரே யோசனைதான்: மட்டையைத் தூளாக்கி மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுங்க, மண்ணில் ஈரம் நிற்கும். யோசனை இலவசம். மிஷின் இலவசமில்லை. புதிதுக்கு டீலர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, அவர் கொடுத்த டீயை முழுதாகக் குடித்து, அந்த அளவிலாவது லாபம் என்று எழுந்து வந்தேன்.

பழைய மட்டை மிஷின் வாங்குவதில் முதல் பாடம் பெயிண்ட். புதுப் பெயிண்ட் அடித்த பழைய மிஷினைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். ஆனைமலைப் பக்கம் நான் பார்க்கப் போனது, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியதுபோல ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்துக்கொண்டு நின்றது. குனிந்து பேரிங் பக்கம் பார்த்தேன். கிரீஸ் நிப்பிளின் மேலும் பெயிண்ட். அதன் நுனியில் இருக்கும் சின்னக் குண்டு அசைய வழியில்லாமல் பெயிண்டுக்குள் புதைந்து கிடந்தது.

“கிரீஸ் கடைசியா எப்பங்க வெச்சீங்க?”

“கம்பெனியிலயே வெச்சுத்தானுங்க குடுத்தாங்க” என்றார் சொந்தக்காரர்.

மனசுக்குள் விலையில் கொஞ்சம் குறைத்தேன். புல்லியின் பள்ளத்தில் அடிப்பாகம் பளபளத்தது. பெல்ட் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வி ஓட வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் வழுக்கும். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். லொடக் என்றது.

“ஆடுதுங்களே.”

“நீங்க ஆட்டுறீங்க, ஆடுதுங்க.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

உச்சம் ஷியர் போல்ட். மிஷினை ஓட்டும் ட்ராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. அந்த வேகத்தில் மட்டையோடு ஒரு கல்லோ இரும்போ உள்ளே போனால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். உடைவதற்கென்றே நடுவில் ஒரு மெத்துப் போல்ட்டை வைத்திருக்கிறார்கள். சில்லறைக் காசுப் போல்ட் செத்து, கியர் பாக்ஸைக் காப்பாற்றும். இங்கே அந்த இடத்தில் இருந்த போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. ஹை டென்சில். பாலத்துக்குப் போடலாம்.

“பழசு அடிக்கடி ஒடைஞ்சுதுங்க. அதான் ஒடையாததா பாத்துப் போட்டுட்டேன்” என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. கியர் பாக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் காட்டினேன். பொடிப் பொடியாக வெள்ளி மினுங்கியது. பல் தேய்ந்த தூள். அந்தப் பெருமைக்குப் பெரிய தொகையாகவே குறைத்தேன்.

“இத்தனை கொறை சொல்றீங்க, அப்புறம் எதுக்குங்க வாங்கறீங்க?” என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் குறையில்லாத மிஷினை யார் விற்கிறார்கள்?

வாங்கிவிட்டேன். அவரோடு நான் பேசியது ஒரு மதியப் பொழுது. அவருடைய மிஷினைக் கழற்றிப் பூட்டியதில், அவருடைய சம்பந்திக்குக்கூடத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே மூடிக்கு மூன்று அளவுப் போல்ட். 13, 14, 17 என்று மூன்று ஸ்பேனர் வேண்டும். கையில் கிடைத்ததைப் போடுகிற மனிதர். எண்ணெய் ஒழுகும் இடத்தில் உர மூட்டைச் சாக்கை நறுக்கி வைத்திருந்தார், சிக்கனம். தள்ளுவாய்த் தகட்டில் சுத்தியல் தடங்கள். கோபமும் உண்டு. கோபம் வந்த நாளில் பன்னாடை சிக்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த நார் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டால் பேரிங் வரைக்கும் நுழைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியால் அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிளேடு கதை தனி. சாணை பிடிக்கும்போது அவசரப்பட்டு அழுத்தினால் முனை நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, பிறகு அது பிளேடு அல்ல, தகடு. நிறுத்தி நிறுத்தி, தண்ணீர் காட்டித்தான் தீட்ட வேண்டும். அதைவிட முக்கியம், எல்லாப் பிளேடும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒன்று லேசாகிவிட்டால் சுற்றும்போது மிஷின் நின்ற இடத்தில் நிற்காது. எங்கள் மெக்கானிக்கிடம் தராசு கிடையாது. பிளேடுகளைத் துணியில் சுற்றி எதிர் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனார். துவரம்பருப்பு வாங்க நின்ற அம்மாவை “ஒரு நிமிஷமுங்க” என்று ஒதுக்கிவிட்டு எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று 30 கிராம் அதிகம். ஓடிப்போய்த் தீட்டிக்கொண்டு வந்தார். இப்போது அதுதான் குறைச்சல். மற்றதைத் தீட்ட ஓடினார். கடைக்காரர் பொறுமையானவர். “இப்படியே போனா பிளேடே மிஞ்சாதுங்க” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா பருப்பை விட்டுவிட்டு எண்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சமமானபோது முதலில் சிரித்தது அவர்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன், “மாமா, 1996-இல் வந்த ‘ஃபார்கோ’ படம் பாருங்க, அதில் உங்க மிஷின் மாதிரி ஒண்ணு வருது” என்றான். பார்த்தேன். அதில் மட்டை போடவில்லை, ஆளைப் போடுகிறார்கள். படத்தில் வந்த மிஷினை ஃபார்கோ ஊரில் சுற்றுலாப் பயணிகள் பார்க்க வைத்திருக்கிறார்களாம். நல்ல படம்தான். ஆனால் பிளேடை யார் கழுவினார்கள் என்று கடைசிவரை காட்டவேயில்லை.

ஓட ஆரம்பித்த பிறகும் நிம்மதி இல்லை. தூளைப் பரப்பாமல் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு குடித்தனம் வந்துவிடும். மக்கும் குவியலில் முட்டையிட்டு, புழு அதைத் தின்று வளர்ந்து, வண்டாகிப் பறந்து போய்க் குருத்தைக் குடையும். வேறு வழியும் இருக்கிறது. காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னை ஓலையை மண்புழுவுக்குப் போட்டு உரமாக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. மண்புழு டீசல் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் அதை இரவல் கேட்பதும் இல்லை.

என் மச்சினன் கேட்டான். “மாமா, மிஷின் சும்மாதானுங்க நிக்குது?” கொடுத்தேன்; ஒரு நிபந்தனையோடு. வேட்டியோ துண்டோ கட்டிக்கொண்டு பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது. நொடிக்கு 9 சுற்றுக்கு வேட்டி நுனி போதும். தன் கல்யாணத்துக்கே பேன்ட் போடாதவன் அவன். என் பையனின் பழைய ட்ராக் பேன்ட்டைக் கையில் திணித்து, கூடவே ஒரு டஜன் ஷியர் போல்ட்டையும் கொடுத்து அனுப்பினேன்.

மிஷின் திரும்பி வந்தது. டஜன் போல்ட்டும் பொட்டலம் பிரிக்காமல் வந்தது. சந்தேகப்பட்டுக் குனிந்து பார்த்தேன். 10.9.

“ஒரு வாட்டி ஒடைஞ்சுதுங்க மாமா. அதான் பொள்ளாச்சி போயி நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன். காசெல்லாம் வேண்டாமுங்க” என்றான்.

கழற்றி எறிந்துவிட்டேன். ட்ராக் பேன்ட் மட்டும் வரவில்லை. அவன் மனைவியைக் கேட்டால், “அண்ணா, அதைப் போட்டுட்டுத்தான் இப்ப தூங்கறாருங்க” என்கிறாள்.