பச்சை நாள், மஞ்சள் நாள், கட்டணம் கட்டும் நாள்

ஞாயிறு இரவு எட்டே முக்கால் மணிக்குத்தான் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கட்டளை இறங்கும். 'டியர் பேரண்ட்ஸ், டுமாரோ க்ரீன் டே. கைண்ட்லி சென்ட் யுவர் வார்ட் இன் க்ரீன் டிரெஸ் வித் ஒன் க்ரீன் வெஜிடபிள்.' அடுத்த நிமிடமே அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசை கட்டும். 'வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே மிஸ்' என்று ஒருவர்கூட எழுதமாட்டார். ஆபீஸில் மேனேஜரையே மிரட்டுகிறவர்கள் எல்கேஜி மிஸ் முன்னால் வாய் பொத்தி நிற்பார்கள். பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறதே. அப்பா பச்சைச் சட்டை தேடி ஊரைச் சுற்றுவார். அம்மா ஃபிரிட்ஜைக் குடைவார். வெண்டைக்காய் இருக்கும். ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளை ப்ரொக்கோலி கொண்டுவரப்போவதாக அதற்குள் தகவல் கசிந்திருக்கும்.

திங்கட்கிழமை பச்சைச் சட்டைகள் வரிசையில் நிற்கும். மிஸ் 'ஸ்மைல்' என்பார். பதினோரு மணிக்குள் படம் குழுவுக்கு வந்துவிடும். பச்சை நாள் அத்தோடு முடிந்தது. பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. வேன் திரும்ப இடைஞ்சல் என்று போன கோடையில் வெட்டிவிட்டார்கள். இருந்திருந்தால் பச்சையைக் காட்ட யாருக்கும் பத்து பைசா செலவில்லை. ஒருவேளை அதுதான் அந்த மரத்தின் குற்றமோ என்னவோ.

பள்ளிப் பலகையில் 'மாண்டிசோரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போரில் இத்தாலி எதிரணியில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் வேலை செய்தார். பிள்ளை தன் கையால் தொட்டு, தன் போக்கில் செய்து கற்கட்டும். பெரியவர்கள் குறுக்கே விழாமல் இருந்தால் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் நடந்து திரிந்த நகரத்தில் இன்று அவர் பெயருக்கு மிஞ்சியிருக்கும் உத்தியோகம், ஏசி வகுப்பறைக்கு விலை ஏற்றுவது. அவருக்கும் முன்பு, 1837-இல் ஜெர்மனியில் இந்தக் கிண்டர்கார்டன் வகுப்புக்கு வித்திட்டவர் ஃப்ரோபல். அவர் வழிப் பள்ளிகளை 1851-இல் பிரஷ்ய அரசு தடை செய்தது, நாத்திகம் பரப்புகின்றனவாம். பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டு ஓர் அரசு பயந்திருக்கிறது. நம் அரசுக்கு அந்தக் கவலை இல்லை. விளையாட்டை ஒழிக்க இங்கே உத்தரவு தேவைப்படவில்லை. பெற்றோரே டேர்ம் ஃபீஸ் கட்டி ஒழித்துக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை 'கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்'. நமக்கு உழைப்பவர்களைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டுமாம். வாடகை உடைக் கடையிலிருந்து டாக்டர்கள் வந்து இறங்குவார்கள். பின்னாலேயே போலீஸ், பைலட், கலெக்டர். (கலெக்டருக்கு என்ன உடை என்று கடைக்காரருக்கும் தெரியாததால் ஒரு கோட்டு.) துப்புரவுத் தொழிலாளி வேடத்தில் ஒரு பிள்ளையும் வராது. அனுப்பினால் சும்மா இருப்பார்களா சொந்தக்காரர்கள்? இதற்கிடையே, மேடையைப் பார்த்து மிரண்டு கால்சட்டையை நனைத்துவிட்ட டாக்டர் ஒருவரை ஆயாம்மா தூக்கிக்கொண்டு போய், கழுவி, வேறு உடை மாட்டி, கண்ணைத் துடைத்துத் திரும்பவும் வரிசையில் நிறுத்துவார். படம் எடுக்கும் நேரத்தில் மிஸ் சொல்வார்: 'ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க.' யார் உதவுகிறார்கள், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பாடம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக ஏறிவிடும்.

மிஸ்ஸின் மேல் பாய்வதில் நியாயமில்லை. டிகிரி முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் 'சும்மா இருக்காதே' என்று வீட்டில் அனுப்பிவைக்கப்பட்ட பெண் அவர். கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது இன்னொரு தொகை என்று ஊரே பேசுகிறது. தனியார் முதலாளி அப்படித்தான் என்று அரசைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வழியில்லை. 2,381 அங்கன்வாடி மையங்களில் தமிழக அரசு தொடங்கிய எல்கேஜி, யுகேஜி வகுப்புகளுக்கு 2022-இல் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது வைத்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஒரு மனித மூளை வேகமாக வளரும் பருவத்தை ஒப்படைக்க நம் சமூகம் போட்ட கூலி அது.

புதன்கிழமை 'ரைட்டிங்'. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன். மூன்றரை வயதில் மணிக்கட்டு எலும்புகள் பலவும் குருத்தெலும்பாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடங்களில் ஒன்றுமே தெரியாது. அந்தக் கையில்தான் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டை விரிக்கிறார்கள். ஸ்லீப்பிங் லைன் போடச் சொன்னதும் நிஜமாகவே தூங்கிப்போன பிள்ளையின் டைரியில் சிவப்பு மையால் 'நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஏறும். அன்று மாலை ஹோம்வொர்க் வேறு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. பள்ளியில் இதைக் கேட்டுப் பாருங்கள். 'அது ஒன்றாம் வகுப்புக்கு சார், இது எல்கேஜி' என்பார்கள். இரண்டு வயது பெரிய பிள்ளைக்குக் கூடாத பாரம் சின்னப் பிள்ளைக்கு ஆகுமாம். முன்பருவ வகுப்புக்குப் பையே வேண்டாம் என்று 2020-இன் பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. கொள்கைதானே, சட்டமா என்ன! பள்ளி லோகோ அச்சிட்ட பையைப் பள்ளிக் கவுண்டரிலேயே விற்கிறார்கள்.

வியாழக்கிழமை தமிழ், ஒரு பீரியட். தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பிள்ளை எந்த மொழியில் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது தாளாளர் இஷ்டம். 'மிஸ், ஒண்ணுக்கு' என்று சொன்னால் விடமாட்டார்கள். 'மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்' என்று முழுதாக வர வேண்டும். 'மே ஐ' வரைக்கும்தான் பாவம் பிள்ளையால் தாங்க முடியும். மீதி இலக்கணத்தை ஆயாம்மா துடைப்பார்.

எந்தச் சட்டத்தைத் தொட்டாலும் அது ஏன் ஒன்றாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது? தற்செயல் இல்லை. அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு முதலில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரப் பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்றது. எல்லாக் குழந்தைகளும் என்றால் மூன்று வயதும் சேர்த்திதான். 2002-இல் 86-ஆவது திருத்தம் கொண்டுவந்து, கல்வியை அடிப்படை உரிமையாக்கிவிட்டோம் என்று இனிப்புக் கொடுத்தார்கள். உரிமை 6 முதல் 14 வரைக்கு மட்டும். ஆறுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு 'முயற்சி செய்யும்' என்று ஒரு வரி. அந்த முயற்சி 1975-இல் தொடங்கிய அங்கன்வாடியோடு இன்னும் முட்டை அவித்துக்கொண்டிருக்கிறது. எடை போடுவது, தடுப்பூசிக் கணக்கு, தேர்தல் வேலை என்று அங்கன்வாடி அம்மாவின் தலையில் எல்லாப் பாரமும் ஏற, பாடம் சொல்ல நேரம் எங்கே? கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏழைக்கு ஒதுக்கிய 25 விழுக்காடு இடத்தில் எல்கேஜி சேரலாம் என்றால், நிதியைப் பிடித்துக்கொண்டு மத்திய அரசும் மாநில அரசும் மல்லுக்கட்டியதில் 2025-26 சேர்க்கை, பள்ளி திறந்து மாதங்கள் கழிந்த பிறகே தொடங்கியது. கட்சி எதுவானாலும், நான்கு வயதுக்கு ஓட்டு இல்லை.

செத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். அதன்பிறகு கூரைகளை அளந்தார்கள், வழிகளை அளந்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். கூரையை அளந்தவர்கள் தரையில் இருந்த மூடியைப் பார்க்கவில்லை. பச்சை நாளுக்குச் சட்டை நிறம் சரியில்லை என்று பிள்ளையை வாசலிலேயே கண்டுபிடிக்கிற பள்ளிகள் நிறைந்த நாட்டில், ஒரு தொட்டி மூடி இற்றுக் கிடப்பது மட்டும் யார் கண்ணிலும் படாது.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு ஒத்திகை. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, யுகேஜி பட்டதாரிகள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கி வாடகை தனி, போட்டோ தனி.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அடுத்த ஆண்டுக்கான அட்மிஷன் மட்டும் நடக்கும். அப்பா அம்மா இருவரும் லீவு போட்டு, படித்த சான்றிதழ்களோடு வர வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் நிறம் கேட்பார்கள், அப்பாவிடம் சம்பளம் கேட்பார்கள். பிள்ளை ஆப்பிளைப் பார்த்து 'மஞ்சள்' என்றாலும் அப்பாவின் பதில் சரியாக இருந்தால் சீட் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இப்படிச் சலித்தெடுப்பதற்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைக்கு 50,000 வரையும் அபராதம் விதிக்கிறது. ஆனால் அது ஆறு வயதுக்கு மேல். நர்சரிச் சேர்க்கையை, 25 விழுக்காடு இடங்கள் நீங்கலாக, அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. ஒருவேளை நாளைக்கே அந்த அபராதத்தை எல்கேஜிக்கும் நீட்டினால்கூட தாளாளர் கலங்கமாட்டார். ஒரு பிள்ளையின் ஒரு டேர்ம் ஃபீஸில் அது அடைபட்டுவிடும். அடுத்த ஜூனில் ரசீதில் 'இதர கட்டணம்' என்று ஒரு புது வரி சேரும், நாமும் கும்பிடும் கையைப் போட்டுவிட்டுக் கட்டுவோம்.