பழைய வீட்டு மாடிப்படியில் கைப்பிடி இன்மை: ஓர் ஆய்வு

முன்னுரை

பழைய வீடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் திண்ணையைப் புகழ்ந்தார்கள், முற்றத்தைப் போற்றினார்கள், தூணைத் தடவிப் பார்த்து உருகினார்கள். மாடிப்படியின் பக்கம் பெரும்பாலும் திரும்பவில்லை. ஏறிப் பார்த்தவர்கள் எழுதும் நிலையில் இறங்கி வரவில்லை போலும். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஓட்டுவீடுகளில், கூடத்தின் ஓரத்தில், இருட்டில், இரண்டு சுவர்களுக்கு நடுவே செருகப்பட்ட மாடிப்படிகள்.

அளவியல்

1970இல் முதலில் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீட்டில் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பாட்டனார் கட்டிய படிக்கு உயரம் ஒன்பதரை அங்குலம், அகலம் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் படி 37 பாகை சாய்வில் ஏறுகிறது. பாட்டனாரின் படி 58 பாகையில். இது படி இனமா, ஏணி இனமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா ப்ளொந்தெல் ஒரு சூத்திரம் தந்தார்: படி உயரத்தை இரட்டித்து அகலத்தோடு கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு வைப்புக்குச் சமமாக வர வேண்டும். இன்றைய கணக்கில் அது 600 முதல் 650 மில்லிமீட்டர். சட்டப் படிக்குக் கூட்டினால் 630 வருகிறது. பாட்டனார் படிக்கு 635! சூத்திரத்தின் கண்ணில் இரண்டும் உத்தமமான படிகளே. குதிகால் எங்கே நிற்கும் என்று மட்டும் சூத்திரம் கேட்பதில்லை. ஆறு அங்குலத்தில் முன்பாதம் அமரும். குதிகால் திரிசங்கு சொர்க்கத்தில் இருக்கும்.

லாப நஷ்டக் கோட்பாடு

படிகளை 'லாபம், நஷ்டம்' என்று மாற்றி மாற்றி எண்ணி, லாபத்தில் முடிக்க வேண்டும் என்பது நம் மரபு. கணக்கு நஷ்டத்தில் நின்றுவிட்டால் கொத்தனார் உச்சியில் ஓர் அரைப்படியைச் சேர்த்து வீட்டுக்காரரைக் காப்பாற்றுவார். எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பதோ மாடிப்படியின் பாலபாடம். முதல் இரண்டு படிகளிலேயே கால் உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். பிறகு கண்ணைக் கேட்பதில்லை. ஆகவே இருட்டில் அந்த அரைப்படிதான் இடறும். வீட்டுக்காரரின் லாபம் எலும்பு வைத்தியரிடம் போய்ச் சேரும்.

கைப்பிடி வகைப்பாடு

கைப்பிடி அறவே இல்லை என்பது மேலோட்டமான பார்வை. நான்கு வகை உண்டு.

1. கயிற்றுக் கைப்பிடி: உத்தரத்திலிருந்து தொங்கும் தாம்புக்கயிறு. ஏறும்போது துணை, இறங்கும்போது ஆளோடு சேர்ந்து தானும் ஆடும்.

2. சுவர்க் கைப்பிடி: தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க் கை பட்டுக் கறுத்த கோடு. வெள்ளையடித்தாலும் மீண்டு வரும்.

3. வாய்மொழிக் கைப்பிடி: கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "பாத்து எறங்குடா, மூணாம் படி ஆடும்" என்று கொடுக்கும் குரல். செலவில்லாதது, நம்பகமானது. பாட்டி கண்ணயரும் மதியத்தில் மட்டும் செயல்படாது.

4. கிராதிக் கைப்பிடி: பிற்காலத்தது. ஈரத்துண்டு, குடை, பேரனின் பள்ளிப்பை ஆகியவை போக மிச்சம் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

சட்டச் சிக்கல்

விதிகள் புதிதாகக் கட்டுவதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும்தான். சும்மா நிற்கிற பழைய வீட்டை வந்து மிரட்டுவதில்லை. வீட்டுக்காரரும் படியைச் சும்மா விட்டுவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. பத்தேகால் அடி உயரம் ஏறப் பாட்டனார் அளவில் 13 படி, தரையில் 1.8 மீட்டர் நீளம் போதும். சட்ட அளவில் 17 படி. 4 மீட்டர் வேண்டும். இரண்டும் லாபக் கணக்கே, ஆனால் நடுவிலுள்ள 2.2 மீட்டருக்குப் பூஜையறைச் சுவரை இடிக்க வேண்டும்.

முடிபு

முன்னோர் கைப்பிடி வைக்காததற்குக் காரணம் வீரம் அல்ல. அந்த மாடி நெல்லுக்கும், கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் பெரிய பாத்திரங்களுக்கும் கட்டப்பட்டது. நெல்மூட்டை வழுக்கி விழுந்தாலும் இடுப்பு ஒடியாது. இன்று மேலே படுக்கையறை இருக்கிறது, ஏறுகிறவருக்கு மூட்டுவலி இருக்கிறது.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை: படியைத் தொட வேண்டாம். விதித்தொகுப்பு சொல்லும் 1 மீட்டர் உயரத்தில், விரல் நுழைய இடைவெளி விட்டு, சுவரில் ஒரு குழாயை உறுதியாகப் பொருத்துங்கள். மேலே ஒரு விளக்கும் கீழே ஒரு விளக்கும் போடுங்கள். துண்டு காயப்போடத் தனியாகக் கொடி கட்டிக்கொள்ளுங்கள்.