வரப்பில் உட்கார்ந்தவன்

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் பி.டி. சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பையன் வீட்டுக்குப் போவார். மறுநாள் ஆடப்போகிறவன் வீடு அல்ல அது, ஆடாதவன் வீடு. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்கு நீ வெளியிலதான் தம்பி இருக்கணும், எதனாலன்னா..." என்று ஆரம்பிப்பார். காரணத்தைச் சொல்வார். அடுத்து எந்த ஆட்டத்தில் இறக்குவேன் என்பதையும் சொல்வார். சொன்ன ஆட்டத்தில் இறக்கிவிடுவார்.

1980களின் கடைசி அது. திருக்கடையூர் அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020-ல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. சம்பா அறுவடை முடிந்த வயலில்தான் எங்கள் ஆட்டம். தை பிறந்து களம் அடங்கியதிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை அந்த வயல் எங்களுடையது. வெறுங்காலில் தாள் குத்தும். கோல் போஸ்டுக்கு இரண்டு மூங்கில், கோட்டுக்கு அடுப்புச் சாம்பல். வெளியே உட்காருகிறவனுக்குப் பெஞ்சு கிடையாது, வரப்புதான்.

குழுவில் சன்னதித் தெருப் பையன்கள் இருந்தார்கள், குடியானத் தெருப் பையன்கள் இருந்தார்கள், காலனிப் பையன்களும், சின்னங்குடி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரைப் பையன்களும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் ஒருவன் தெருவுக்குள் இன்னொருவன் காரணமில்லாமல் போகாத காலம். சார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஜோடி போட்டு பாஸ் பழகும்போது ஒரே தெருக்காரர்கள் இருவரைச் சேர்த்து நிறுத்தமாட்டார், அவ்வளவுதான். குடிக்க ஒரே பானை, ஒரே டம்ளர். முதலில் கேப்டன் குடிக்க வேண்டும், அடுத்தது யார் என்பதை அவர் கை காட்டுவார். முதல் வாரம் இரண்டு பேர் தாகமில்லை என்று சொல்லி ஒதுங்கி நின்றார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பிடிவாதம் எத்தனை நாள் நிற்கும்? நாலாவது, ஐந்தாவது நாளில் எல்லோரும் குடித்தார்கள். கோடை முடிவதற்குள் அந்தத் தெருக்களுக்கு நடுவே பையன்கள் சாதாரணமாகப் போய்வரத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் எங்கள் ஊருக்கே உரியது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நாடெங்கிலுமிருந்து அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு வருகிறார்கள். பிறந்த நட்சத்திரத்தை ஒட்டி நடப்பதால் வருடம் முழுக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தால்தான் எங்கள் பையன்களில் பாதிப் பேர் வீட்டில் உலை கொதித்தது. பந்தி பரிமாறுவது, மாலை கட்டுவது, செருப்புப் பார்ப்பது, மேளக்காரர் பெட்டியைத் தூக்குவது என்று ஏதாவது ஒரு வேலை. "வேலைக்குப் போறியா, ஆட வர்றியா?" என்று சார் யாரையும் கேட்டதில்லை. யாருக்கு என்றைக்கு வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் வெளியூர் அணிகளுக்கு ஆட்டத் தேதி கொடுப்பார். கடலுக்குப் போகிற பையன் பயிற்சிக்கு வராவிட்டால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவன் விடியற்காலை வலை இழுத்துவிட்டு வந்திருக்கிறான் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சார் ஒரு தடவை சொன்னார். முணுமுணுப்பு நின்றது.

இப்போது அதே ஊரில், என் அக்கா மகன் இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்கில் ஒரு கிளப்புக்கு மேனேஜர். லேப்டாப்பில்தான். 'ஃபுட்பால் மேனேஜர்' என்கிற விளையாட்டு அது. பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கி 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்று வெளிவந்தது, 2004-ல் இந்தப் பெயருக்கு மாறியது. இதில் பந்தை நாம் உதைப்பதில்லை. ஆள் எடுப்பது, அணியை நிறுத்துவது, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பையன்களிடம் பேசுவது என்று மேனேஜர் வேலை மட்டும்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சார் சைக்கிளில் அலைந்து செய்தது அத்தனையும் திரையில் கட்டம் கட்டமாக இருந்தது.

ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்கு நேரே அவன் மனநிலை தெரிகிறது. அபாரம் என்பதிலிருந்து படுமோசம் வரை படிகள். 2017 நவம்பரில் வந்த பதிப்பிலிருந்து குழுவின் உறவுகளுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. மூன்று விஷயங்களை அது அளக்கிறது: களத்தில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள், உடைமாற்றும் அறையில் என்ன சூழல், மேனேஜர் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள். குழுவின் தலைவர்கள் யார், அவர்கள் சொல்லுக்கு யார் கட்டுப்படுவார்கள் என்று ஒரு படிவரிசையும் உண்டு. ஒரே நாட்டுக்காரர்கள், ரொம்ப நாளாகக் கிளப்பில் இருப்பவர்கள் எல்லாம் தனித்தனிக் கூட்டமாகச் சேர்வதையும் காட்டுகிறது. அடுத்த வருடப் பதிப்பில், மூத்தவர்களோடு இளையவர்களைச் சேர்த்துப் பழக்கும் வசதியும் வந்தது. எங்கள் பாஸ் ஜோடிகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

"மாமா, என் கேப்டன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். அவனோட சேர்ந்து ஆறு பேரு."

"என்னடா பண்ண?"

"ஜனவரிக்குள்ள நல்ல பேக் ஒருத்தன எடுத்துடுறேன்னு வாக்குக் கொடுத்தேன் மாமா. காசு பத்தல."

"காசு பத்தலைன்னு அவன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இந்த விளையாட்டை எழுதியவர்கள் மனிதர்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது அப்போதுதான். நிறைவேறாத வாக்கு ஒருவனோடு நிற்பதில்லை. அவன் கூட்டத்துக்குப் பரவுகிறது, அங்கிருந்து அடுத்த ஆட்டத்தின் பாஸுக்குள் போகிறது. பாராட்டையும் அள்ளி வீச முடியாது. ஓயாமல் பாராட்டினால் கேட்கிறவன் அசைவதில்லை. தோற்ற பிறகு எல்லோரையும் ஒரே தொனியில் திட்டினால் இரண்டு பேர் ரோஷப்படுவார்கள், மூன்று பேர் சுருங்கிவிடுவார்கள். யார் எந்த ரகம் என்று தெரிந்து பேச வேண்டும்.

குழு ஒட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ உலகில் நான் சொல்லும் சாட்சி 2003-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அதில் ஆடியது, பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். கிளம்புவதற்கு முன்பே அவர் மொத்தக் குழுவையும் கொல்கத்தாவில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒன்றாகத் தங்கவைத்தார். கெவின் ஜாக்சன் என்ற உடற்பயிற்சி நிபுணரையும் கொண்டுவந்தார். இந்திய கிளப்புகள் அன்றைக்கு அப்படிச் செலவு செய்கிற வழக்கமில்லை. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவிடம் 0-1 என்று தோற்றார்கள். காலிறுதியில் தேப்ஜித் கோஷ் மோதி நினைவிழந்து விழுந்தார், குழுவின் மருத்துவர் காப்பாற்றினார். அரையிறுதி பெனால்டி வரை போனது. ஜூலை 26-ந் தேதி இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே டெரோ சாசனா. இந்த முறை 3-1 என்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வாங்கியது. பைச்சுங் பூட்டியாவின் பெயர்தான் எல்லா இடத்திலும் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழுவில் எங்கள் தஞ்சாவூர்க்காரர் கலியா குலோத்துங்கனும் இருந்தார். டெல்டா மண்ணிலிருந்து போன பிள்ளை, வங்காளிகளும் நைஜீரியரும் பிரேசில்காரரும் கோவாக்காரரும் கலந்த அறைக்குள் ஒருவராக இருந்தார் என்பது எனக்கு இன்றும் பெருமை. 2018-ல் சாலை விபத்தில் அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் பழைய குழுவில் பேச்சே எழவில்லை.

2015-ல் சென்னையின் எஃப்.சி. கதையும் அந்த வகைதான். சீசன் பாதியைத் தாண்டியபோது பட்டியலில் அடியில் கிடந்த குழு, பயிற்சியாளர் மார்க்கோ மாத்தராசியின் கையில் மீண்டு வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். கோவாவில் 3-2 என்று கோப்பையை வென்றார்கள்.

விளையாட்டின் ஒரு வழியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனம் கசந்தவனை அங்கே விற்றுவிடலாம். கேப்டனை விற்றால் அவன் கூட்டம் கொஞ்ச நாள் முறைக்கும், நாலு ஆட்டம் ஜெயித்தால் மறந்துவிடும். என் அக்கா மகனும் அதைத்தான் செய்தான். எங்கள் வயலில் யாரை எங்கே விற்பது? கோபித்துக்கொண்டு போனவன் அடுத்த தெருவில்தான் இருப்பான். அவன் அப்பா என் அப்பாவோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவார். அவன் தங்கை என் தங்கையோடு ஒரே வகுப்பில் படிப்பாள். அவனை வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும், அதனால் அவனோடு பேசித்தான் ஆக வேண்டும். ஜெயித்தவன் மனதை ஜெயிப்பே பார்த்துக்கொள்ளும். ஒரு குழுவின் ஒற்றுமை வரப்பில் உட்கார்ந்திருப்பவன் முகத்தில்தான் தெரியும். சார் அங்கேதான் பார்த்தார்.

அன்றைக்கு வரப்பில் அதிகம் உட்கார்ந்தவன் குடியானத் தெருக்காரன் ஒருவன். கால் வேகம் போதாது, அவனுக்கே தெரியும். கோல் அடித்தவர்களில் பாதிப் பேர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஊர்ப் பையன்களுக்கு ஜெர்சி அனுப்புகிறவன் அவன்தான். பழைய ஆட்கள் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதென்றால் அதை நடத்துகிறவனும் அவனே.

அந்த ஜெர்சியைப் போடும் இன்றைய குழுவுக்கு என் அக்கா மகன்தான் பொறுப்பு. பல பையன்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள், விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். கடற்கரைப் பையன்கள் இப்போது விசைப்படகில் போகிறார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள்தான் அவர்கள் கரையில் கிடைப்பார்கள். காரைக்காலில் இந்த மே மாதம் செவன்ஸ் போட்டி. கையில் இருப்பது பதினான்கு பேர், இறங்குவது ஏழு பேர்.

"விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, என்ன மாமா பண்றது?" என்றான்.

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஏழு பேரு வீட்டுக்குப் போயிட்டு வா" என்றேன்.

"போன் பண்ணிச் சொன்னா ஆகாதா?"

"ஆகாது."

சின்னங்குடிக்கு முதலில் போவதா கடைசியில் போவதா என்று கேட்டுக்கொண்டே பைக் சாவியைத் தேட ஆரம்பித்தான்.